தாத்தாவின் டின்னில் 23 காசுகள்: எது அச்சுப்பிழை, எது கைவேலை?

பெகுப்பெண்:

வணக்கம். பழங்காசு பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதாகக் கோவிலில் ஒரு அக்கா சொன்னார். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இப்போது ரங்கூனில் இருக்கிறேன், பிறந்தது பெகு. அப்பா போன வருஷம் தவறினார். பெகு வீட்டை ஒழித்தபோது அவர் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. அதற்குள் 23 காசு. பெரும்பாலானவை கணக்குநோட்டுத் தாளில் தனித்தனிப் பொட்டலம். மேலே தாத்தாவின் கையெழுத்து.

தாத்தா 1915ல் பிறந்தவர். 12 வயதில் பெகுவில் ஒரு செட்டியார் கடையில் சில்லறை எண்ணுகிற வேலைக்குச் சேர்ந்தார். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் கடை ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். தாத்தா கிளம்பவில்லை. சித்தப்பா அப்போது பாட்டி வயிற்றில். நடந்து போகிற வழியில் பிள்ளை பிறந்தால் என்ன செய்வது என்று இங்கேயே இருந்துவிட்டார்கள். அதனால்தான் நாங்களும் இங்கே இருக்கிறோம்.

பொட்டலங்களின் மேல் பழைய தமிழ் எண் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் நான், அதனால் படிக்க முடிந்தது. ௱௭௰௩ என்று ஒன்றில், அதாவது 173. மற்றவை 168, 175, 159, 166 என்று போகின்றன. கடைசி எண் ௱௮௰, 180. ஆனால் இருப்பதோ 23 காசு. 159க்குக் கீழே ஒரு எண்கூட இல்லை. 171 மட்டும் இரண்டு பொட்டலங்களில் இருக்கிறது. தாத்தா எண்ணில் தவறுகிறவர் இல்லை என்று அப்பா சொல்வார், அதனால் இது எனக்குப் புரியவே இல்லை.

இந்த எண்களால் எங்கள் குடும்பத்தில் 60 வருஷமாக ஒரு மனத்தாங்கல். 1964ல் சித்தப்பா கப்பலேறி மெட்ராஸ் போனார். முதல் 158 காசையும் அவர்தான் எடுத்துப்போனார் என்று அத்தைமார் பேசினார்கள். அப்பா வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் தம்பிக்குக் கடிதம் எழுதுவதையும் நிறுத்திவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மீதிக் காசு எங்கே போயிருக்கும் என்று யூகிக்க முடிந்தவர்கள் சொன்னால் எனக்குப் பெரிய உதவி.

இனி காசுகள். எல்லாவற்றையும் எழுதினால் கரண்ட் போய்விடும், சந்தேகம் உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

மயில் போட்ட ராஜா காலத்துக் காசு இரண்டு. இரண்டிலும் பர்மிய எண்ணில் 1214. ஒன்றின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு தழும்பு, ஓரத்தில் உளி வெட்டு. இதை என் தம்பி புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் துலக்கிவிட்டான். பளபளப்பாக இருக்கிறது, ஆனால் எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. இன்னொன்றில் கை படவில்லை. அது கறுத்து, மேலெல்லாம் ஊசி குத்தியதுபோல் புள்ளிக்குழி. பொட்டலத்தில் “வா” என்று மட்டும் எழுதியிருக்கிறது.

விக்டோரியா ரூபாய் ஒன்று, 1862, எண் 173. வருஷத்துக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள். வேறொரு ரூபாயில் ராஜா கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. எண் 168 போட்ட ரூபாயின் ஓரம் வழவழவென்று இருக்கிறது, வரிகளே இல்லை. ஒரு ரெண்டணாவில் ராஜா தலைக்கு மேலே ஓட்டை, அதில் “து”. ஒரு ரூபாய் சரிபாதியாக வெட்டப்பட்டு, இரண்டு துண்டும் நூலால் கட்டியிருக்கிறது, “ச.வெ.” என்று எழுத்து. 1911 ரூபாய் ஒன்றின் பொட்டலத்தில் “பன்னி” என்று எழுதியிருக்கிறது. தாத்தா யாரையோ திட்டி எழுதினாரா என்றுகூட நினைத்தேன்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது ஒரு காலணா. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை வழக்கம்போல் மேடாக இருக்கிறது. மறுபக்கம் அதே தலை பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி, எழுத்தும் திரும்பி இருக்கிறது. பள்ளத்துக்குள் வெள்ளையாக ஏதோ அடைந்திருக்கிறது. பொட்டலத்தில் “வைத்துக்கொள்” என்று எழுதியிருக்கிறது.

பொட்டலம் கட்டாமல் தனியாகக் கிடந்தவை இரண்டு: நடுவில் வட்ட ஓட்டை போட்ட 1943 காசு ஒன்று, புலி போட்ட 1947 ரூபாய் ஒன்று. புலி ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிறது, அதனால் போலி என்கிறான் என் மகன்.

நகரில் ஒரு கடையில் காட்டினோம். “எல்லாம் செல்லாக்காசு, வேண்டுமானால் மயிலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்” என்றார்கள். கொடுக்காமல் வந்துவிட்டேன். விற்பது என் நோக்கமில்லை. எது அச்சுக்கூடத்தில் நேர்ந்தது, எது பிறகு யாரோ செய்தது, தாத்தா இவற்றை ஏன் சேர்த்தார் என்று தெரிந்தால் போதும்.

மோல்மீன் தம்பி:

அக்கா, காந்தம்தான் முதல் சோதனை. ஒட்டினால் போலி, தூக்கிப் போட்டுவிடலாம். கறுத்ததை எல்லாம் வெள்ளிப் பாலிஷ் போட்டுத் துடைத்துப் படம் போடுங்கள், அப்போதுதான் எழுத்து தெரியும்.

உரைகல்:

தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள் தங்கச்சி. ஒன்றையும் துடைக்கவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம். நான் மண்டலேயில் 40 வருஷம் நகைப்பட்டறையில் உட்கார்ந்தவன். எங்கள் கைக்கு வந்த ரூபாய்களில் பாதி உருகிப் போனது, மீதி கழுத்துக்கும் சட்டைப் பொத்தானுக்கும் போனது. ஆகவே காசுக்கு மனிதர் என்னென்ன செய்வார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

முதலில் புலி ரூபாய். 1947ல் வந்த அந்த ரூபாயில் வெள்ளி கிடையாது, முழுக்க நிக்கல். நிக்கல் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். அதே காந்தத்தில் உங்கள் விக்டோரியா ரூபாய் ஒட்டினால் அது கள்ளம். எந்தக் காசு எந்த உலோகம் என்று தெரியாமல் காந்தத்தை மட்டும் நம்பினால் நல்ல காசைக் குப்பையில் போடுவோம். 1943 காசின் ஓட்டையும் சர்க்கார் போட்டதுதான். யுத்தத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. ஓட்டைக் காலணா என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது நட்டநடுவில், விளிம்பு ஒழுங்காக இருக்கும். ரெண்டணாவின் ஓட்டை அப்படியில்லை, தலைக்கு மேலே ஒதுங்கி இருக்கிறது என்கிறீர்கள். காசு தொங்கும்போது ராஜா தலை நேராக நிற்க வேண்டும் என்றுதான் அந்த இடத்தில் குத்துவார்கள். பிள்ளைக்கு அரைஞாணில் கட்டியிருப்பார்கள். பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், குத்தூசி வெளியே வந்த இடத்தில் உலோகம் பிதுங்கி நிற்கும். “து” என்றால் துளை.

அச்சா கைவேலையா என்று பிரிக்க நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: மேடா, பள்ளமா என்று பார். அச்சில் விரிசல் விட்டால் அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறும், காசில் அது மேடான கோடாக நிற்கும். பிறகு ஆணியால் கீறினால் பள்ளம் விழும், பள்ளத்தின் இரு கரையிலும் உலோகம் உழுத வயல்போல் ஒதுங்கியிருக்கும். ராஜா கழுத்துக் கோட்டை விளக்குக்குப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். மேடாக இருந்தால் அச்சு விரிசல். பள்ளமாக இருந்தால் யாரோ கீறியது.

1862ன் புள்ளிகள் பிழையல்ல. அந்த ரூபாயில் 1862 என்ற வருஷத்தை மாற்றாமலே 1874 வரை அடித்தார்கள். எந்த வருஷத்து அடிப்பு என்று அச்சுக்கூடம் அறிய வைத்த அடையாளம் அந்தப் புள்ளிகள். ஜார்ஜ் ரூபாய்களிலும் பின்பக்கம் அடியில், தாமரைக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் பம்பாய் அச்சு, இல்லாவிட்டால் கல்கத்தா. அதையும் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.

காலணாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அடித்த காசு ஒன்று கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வருகிற, இன்னும் அடிக்காத வெற்று வில்லை அந்தக் காசின் முகத்தின் மேல் அடிபடும். ஒரு பக்கம் அச்சின் மேடு விழும், மறுபக்கம் ஒட்டிக்கொண்ட காசின் முகம் பள்ளமாக, திரும்பி விழும். இது உண்மையான அச்சுப்பிழை. ஆனால் இதையே பொய்யாகச் செய்வாரும் உண்டு. இரண்டு காசைச் சேர்த்து வைஸில் இறுக்கினால் அல்லது சம்மட்டியால் அடித்தால் திரும்பிய எழுத்து விழும். வித்தியாசம் இப்படி: இறுக்கிய காசில் பள்ளத்துக்கு நடுவே பழைய உருவத்தின் மிச்சம் எங்காவது தெரியும், எதிர்ப்பக்கத்து மேடுகள் நசுங்கியிருக்கும், காசு அகன்றிருக்கும். அச்சுக்கூடத்துப் பிழையில் பள்ளம் முழு முகத்துக்கும் சீராக, மீசை மயிர்வரை தெளிவாக இருக்கும், பழைய உருவத்தின் சுவடே இருக்காது. படம் போடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளையை ஊசி வைத்து எடுக்க வேண்டாம்.

மயில் காசை நாங்கள் “டவுங் டிங்கா” என்று பர்மியப் பேராகவே சொல்வோம். மிண்டோன் ராஜா மண்டலேயில் அச்சுக்கூடம் வைத்தது 1865ல். ஆனாலும் காசில் 1214தான் இருக்கும். அவர் பட்டமேறிய பர்மிய ஆண்டு அது, நம் கணக்கில் 1852-53. பின்பக்கத்துச் சாம்பல் தழும்பு பொடி வைத்து ஊதிய இடம், கொக்கி அல்லது பொத்தான் காம்பு பற்றவைத்து எடுத்தது. ஓர வெட்டு, உள்ளே வெள்ளியா செம்பா என்று பார்க்கச் சராப்பு, அதாவது காசு சோதிக்கிறவர், போட்டது. வெட்டுக்குள் நிறம் வேறாக இல்லையே? “வா” காசு வார்ப்பாக இருக்கும். புள்ளிக்குழி உருகிய உலோகத்தில் காற்று அடைந்ததால் வருவது. ஓரத்தைச் சுற்றி ஒரு தையல்போலக் கோடு தெரிகிறதா பாருங்கள்.

இனி ஒரு வேலை. பக்கத்தில் ஆசாரி யாராவது இருந்தால் இரண்டு தசமம் காட்டும் தராசு வாங்கி எல்லாவற்றையும் நிறுத்து எழுதுங்கள். விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரை ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாம் தோலா என்று சொல்வதே இந்த ரூபாய் எடைதான். ஓரம் வழவழப்பாக இருப்பதை முதலில் நிறுங்கள். அரத்தால் ராவிப் பொடியைச் சேர்த்து உருக்கி விற்பது பழைய திருட்டு. சர்க்கார் ஓரத்தில் வரிவரியாகக் கோடு போட்டதே அதைக் கண்டுபிடிக்கத்தான்.

மயில் இரண்டையும் தண்ணீரிலும் நிறுங்கள். தராசில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் நல்ல வெள்ளிக்கு 10.3 ஒட்டி வரும். பித்தளைக் கலப்பு என்றால் 8.5 பக்கம் நிற்கும்.

புளி போட்டதற்குத் தம்பியைக் கோபிக்க வேண்டாம், நம் வீட்டுப் பழக்கம் அது. ஆனால் போன கறுப்பு திரும்ப வர வருஷக்கணக்காகும். மற்றவற்றைப் பருத்தித் துணியிலோ தாத்தா கட்டிய தாளிலோ வையுங்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம்மூர் மழைக்காலத்தில் அதற்குள் பச்சைப் பிசின் பிடிக்கும்.

பெகுப்பெண்:

அண்ணே, இவ்வளவு எழுதியதற்கு நன்றி. தெருமுனை ஆசாரியார் கடையிலேயே உட்காரவைத்து நிறுத்துத் தந்தார்.

துலக்கிய மயில் 11.40 கிராம். தண்ணீரில் 1.11. வெட்டுக்குள்ளும் அதே வெள்ளை. “வா” மயில் 9.40 கிராம், தண்ணீரில் 1.10. நீங்கள் சொன்ன தையல் கோடு ஓரம் முழுக்க ஓடுகிறது.

கழுத்துக் கோடு மேடாக இருக்கிறது! நகத்தில் தட்டுகிறது. அது எண் 175 பொட்டலம், 11.34 கிராம்.

விக்டோரியா 11.21. ஓரம் வழவழப்பானது 10.89. எண் 159 இருப்பதிலேயே இலேசு, 10.30. 171 என்று எழுதிய இரண்டும் 11.08, 11.09. வெட்டிய ரூபாயின் இரண்டு துண்டும் சேர்ந்து 9.80 கிராம்தான், வெட்டுவாயில் உள்ளே மஞ்சளாகத் தெரிகிறது. எண் 180 போட்ட காசு 1918ஆம் வருஷத்தது, தேய்மானமே இல்லை, 11.66 என்று அப்படியே வந்தது. ஆசாரியார் அதைக் கல்லில் தட்டிப் பார்த்துவிட்டு “இது பேசுகிறது” என்றார்.

காலணாவின் படம் போட்டிருக்கிறேன். பழைய உருவத்தின் மிச்சம் எங்கேயும் தெரியவில்லை. மேடான பக்கம் நசுங்கவில்லை. “பன்னி”யைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

தட்டோன் வாத்தியார்:

அம்மா, பன்னியை நான் சொல்கிறேன். 1911ல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தபோது ராஜா அங்கியில் இருந்த சின்ன யானை பன்றிபோல் தெரிந்தது, தும்பிக்கை அவ்வளவு குட்டை. முஸ்லிம் மக்கள் கையால் தொட மறுத்தார்கள். சர்க்கார் அந்த ரூபாயைத் திரும்பப் பெற்று, 1912ல் யானையைத் திருத்தி அடித்தது. உங்கள் தாத்தா யாரையும் திட்டவில்லை, அந்த ரூபாய்க்குப் பேரே அதுதான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. உங்கள் எடைகளைப் படித்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் காலத்து ரூபாய்க்குச் சட்டப்படி எடை 180 கிரெயின். ஒரு கிரெயின் 0.0648 கிராம்.

173ஐப் பெருக்கினால் 11.21. 168ஐப் பெருக்கினால் 10.89. 175க்கு 11.34. 159க்கு 10.30. 171க்கு 11.08. நீங்கள் நிறுத்து எழுதிய எடைகளேதான்.

தாத்தா எழுதியது வரிசை எண்ணே இல்லை அம்மா, ஒவ்வொரு காசின் எடை. அதனால்தான் 171 இரண்டு முறை வருகிறது, ஒரே எடையில் இரண்டு காசு இருந்திருக்கிறது. 180 என்பது தேயாத மாதிரிக்காசு, மற்றவற்றை அதன் எதிரில் வைத்து நிறுக்க. 158 காசும் காணாமல் போகவில்லை. அவை இருந்ததே இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 1906ஆம் வருஷத்து நாணயச் சட்டத்தில் ரூபாய்க்கு ஒரு வரம்பு உண்டு. எடை 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 180ல் 2 சதவீதம் கழித்தால் 176.4. உங்களிடம் உள்ள எண்களில் 180ஐத் தவிர்த்துப் பெரியது 175. எல்லாம் வரம்புக்குக் கீழே! குத்தியது, வெட்டியது, வார்த்தது, மக்கள் மறுத்த பன்னி என்று மற்றவையும் கடையில் எடுக்கக் கூடாதவை. “ச.வெ.” என்றால் சர்க்கார் வெட்டு என்று நினைக்கிறேன். கஜானாவில் கள்ள ரூபாய் வந்தால் வெட்டிப்போட அந்தச் சட்டமே அதிகாரம் கொடுத்தது. துண்டுகளைக் கொண்டுபோனவரிடமே திருப்பிக் கொடுப்பதும் உண்டு, நஷ்டம் அவருக்கு. அப்படித் திரும்பி வந்த ஒன்றைத்தான் நூல் கட்டி வைத்திருக்கிறார்.

12 வயதுப் பையன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அறுவடைக் காலத்தில் நாள் முழுக்க ரூபாய் எண்ணியிருப்பார். தவறி ஒரு கள்ள ரூபாயை எடுத்தால் யார் தலையில் விழும்? என் பெரியப்பா தட்டோனில் இதே மாதிரிக் கடையில் வேலை பார்த்தவர். காசு வாங்குமுன் நோட்டம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள், விரலால் தடவு, கல்லில் தட்டு, காதில் கேள், தராசில் போடு என்று. உங்கள் தாத்தாவின் டின் அந்த நோட்டம் பழகிய டின். அந்தக் கடைக்காரர் எல்லாம் செல்லாக்காசு என்றாரே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். செல்லாதவற்றைத்தான் தாத்தா பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கிறார். பிரிக்காமல், தாளோடு தாளாக அப்படியே வைத்திருங்கள். மயிலை மட்டும் தனியே பிடுங்கிக் கொடுத்துவிட்டால் மீதி ஊமையாகிவிடும்.

உரைகல்:

வாத்தியார் ஐயா, கையைக் கொடுங்கள். நான் கிராமிலேயே பழகியதால் எனக்கு அது உறைக்கவில்லை.

காலணா படத்தைப் பார்த்தேன் தங்கச்சி. சந்தேகமே இல்லை, அச்சுக்கூடத்துப் பிழைதான். எடுப்பதற்கு ஆளில்லாத காசு என்று கடையில் ஒதுக்கியிருப்பார்கள். பிள்ளை மனசுக்கு அது பிடித்திருக்கும், “வைத்துக்கொள்” என்று முதலாளி சொன்னதை அப்படியே எழுதிவைத்தார்போல. 175 பொட்டலமும் அச்சு விரிசல்தான். அது எடை குறைந்ததற்கும் விரிசலுக்கும் சம்பந்தமில்லை, நாள்பட்டுத் தேய்ந்தது.

இரண்டு மயிலும் தண்ணீரில் ஒரே 1.1 காட்டியதைக் கவனித்தீர்களா? நல்ல காசிலிருந்து வார்ப்புக் கருவை எடுத்ததால் கனஅளவு ஒன்றாக வந்துவிட்டது, உலோகத்தைத்தான் ஒன்றாக்க முடியவில்லை. 11.40ஐ 1.11ஆல் வகுத்தால் 10.3, நல்ல வெள்ளி. 9.40ஐ 1.10ஆல் வகுத்தால் 8.5. ஓட்டைக் காலணாவும் புலி ரூபாயும் பொட்டலம் இல்லாமல் கிடந்ததும் சரிதான், அவை யுத்தத்துக்குப் பிறகு கைக்கு வந்தவை. கடை அப்போது இல்லை.

பெகுப்பெண்:

வாத்தியார் எழுதியதை நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தேன். பிறகு தூங்கவில்லை. 60 வருஷம். அப்பா இருந்து இதைக் கேட்டிருக்கலாம்.

சித்தப்பாவுக்கு இப்போது 83. வியாசர்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறார். அவருடைய பேத்தியின் எண் என்னிடம் இருந்தது, இதுவரை நான் கூப்பிட்டதில்லை. இன்று காலையில் கூப்பிட்டேன். யார் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை. பிறகு, “பெகு மூத்தவன் மகளா? சாப்பிட்டியா அம்மா?” என்றார்.

காசைப் பற்றி வீட்டில் பேசியதை எல்லாம் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பேச்சு அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. கப்பலேறிய அன்று துறைமுகத்தில் இருந்த அதிகாரிகள் பாட்டி போட்டனுப்பிய மோதிரத்தைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்களாம். “காசை எங்கேம்மா ஒளிச்சு எடுத்துட்டு வர்றது” என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அதைப் பேசவில்லை.

பிறகு அவரே கேட்டார், அந்தக் குழிக்காலணா இருக்கிறதா என்று. இருக்கிறது சித்தப்பா, உள்ளே வெள்ளையாக ஏதோ அடைந்திருக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்றேன். சிரித்தார். கரண்ட் இல்லாத ராத்திரிகளில் அப்பாவும் அவரும் மெழுகுவர்த்தியைச் சாய்த்துக் குழிக்குள் மெழுகு ஊற்றுவார்களாம். ஆறியதும் தட்டினால் ஜார்ஜ் ராஜாவின் தலை மேடாக வெளியே வரும். அப்படி ஆளுக்கு ஒரு பட்டாளம் ராஜா செய்து, சன்னல் கட்டையில் வரிசையாக நிறுத்திவைப்பார்களாம்.

உரைகல் அண்ணே, நீங்கள் சொன்னபடி ஊசி வைக்காமல் விட்டது நல்லதாயிற்று. மெழுகு அப்படியே இருக்கிறது.